வலது கைக்கு விடாத சோறு

குருநகர் கிறிஸ்துநாயகம் முப்பது வருடம் கடலுக்குப் போனவர். படகின் எஞ்சின் கயிற்றை ஒரே இழுவையில் இழுத்துக் கிளப்புவார். இரண்டாம் தரம் இழுப்பது அவருக்கு மானக்கேடு. அந்தக் கைதான் பாரிசவாதத்தில் விழுந்தது. கால் எப்படியோ மீண்டது, பேச்சும் வந்தது. வலது கை மட்டும் கரையில் எறிந்த திருக்கை மீன் மாதிரிக் கிடந்தது.

“நத்தாருக்குள்ளை கயிறு இழுப்பன். இல்லாட்டிப் படகு உனக்குத்தான்,” என்று கிறிஸ்மஸைக் கெடுவாக வைத்துத் தம்பி ஜெரிசனிடம் வாய்விட்டுச் சொல்லியிருந்தார்.

பட்டணத்து ஆஸ்பத்திரியில் நாலு வாரச் சிகிச்சை. உப்புத்தண்ணீரில் நனைத்த பஞ்சைத் தலையில் வைத்து மெல்லிய மின்சாரம் விடுவார்கள். நோகாது; எறும்பு ஊர்வது போலிருக்கும். அது முடிந்த கையோடு பயிற்சி. பயிற்சி கொடுக்கும் நிவேதனா முதல் நாளே ஒளிக்காமல் சொன்னாள்.

“ஐயா, கரண்ட் கையைத் தூக்கிவிடாது. மூளையைக் கொஞ்சம் உசுப்பும், அவ்வளவுதான். எல்லாருக்கும் பலிக்குமெண்டும் இல்லை. வீட்டிலை அந்தக் கைக்கு வேலை குடுக்காட்டி இஞ்சை வந்து பிரியோசனமில்லை. சோறு வலக்கையாலைதான். நல்ல கை குறுக்கை வராமல் இடக்கைக்கு உந்த உறையைப் போடுங்கோ.”

பெண்சாதி லூர்த்தம்மா தலையாட்டினாள். பொல்லாதவள் இல்லை அவள். மூன்று நாள் உறையைப் போட்டுத்தான் சோறு வைத்தாள். ஒரு பிடி வாய்க்குப் போனால் இரண்டு பிடி மடியில் விழும். நாலாம் நாள் நெஸ்டமோல்ட் சத்துமாப் பேணியும் கையுமாக, சுகம் விசாரித்து வருத்தம் பார்க்க வந்தாள் அவருடைய தங்கை அற்புதராணி.

“என்ன மச்சாள், அண்ணையை இப்பிடிச் சிந்தித் தின்னவிட்டிட்டுப் பாத்துக்கொண்டு நிக்கிறீர்? ஒரு வாய் தீத்திவிட உமக்குக் கை நோகுதோ?”

வருத்தம் பார்க்க வருகிறவர்கள் வருத்தக்காரனையா பார்க்கிறார்கள்? பெண்சாதியைத்தான் பார்க்கிறார்கள். பின்னேரம் தவறாமல் ஆட்கள் வந்தார்கள். உறை தலையணைக்குக் கீழே போனது. லூர்த்தம்மா தீத்தினாள். வேண்டாம் என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சட்டையில் சிந்தாத சோறு சுகமாகத்தான் இருந்தது.

“வீட்டிலை செய்யிறியளோ?” என்று நிவேதனா கேட்கும்போதெல்லாம், “ஓம் பிள்ளை, எல்லாம் தன்ரை கையாலைதான்,” என்பாள் லூர்த்தம்மா. அவர் நிலத்தைப் பார்ப்பார்.

கடைசி நாள் சோதனை. ஒரு பெட்டியிலிருந்து மற்றப் பெட்டிக்கு ஒரு நிமிடத்தில் மரக்கட்டைகளை மாற்றவேண்டும். முதல் நாள் நாலு மாற்றினார். இப்போது ஐந்து. திருப்பிக் கொடுத்த உறையை நிவேதனா புரட்டிப் பார்த்தாள்.

“புதுசு மாதிரிக் கிடக்குது, அம்மா.”

“தோய்ச்சனான் பிள்ளை.”

நத்தாருக்கு முதல் நாள் கரைக்குப் போனார். கயிற்றுப் பிடியை விரல்கள் சுற்றவே இல்லை. ஜெரிசன் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“இன்னும் கொஞ்ச நாள் பாப்பம் அண்ணை.”

“சொன்னது சொன்னதுதான். எடு.”

ஜெரிசன் மூன்று தரம் இழுத்தான். எஞ்சின் பிடித்தது. படகு போனது.

வீட்டில் லூர்த்தம்மா மீன்குழம்பில் சோற்றைக் குழைத்து உருட்டினாள்.

“ஆவெண்டுங்கோ.”

“என்ரை கையை நீதானடி திண்டனீ.”

உருண்டை அந்தரத்தில் நின்றது. அவள் கண் கலங்கவில்லை.

“நானோ வாயைத் திறந்தனான்? நீங்கள்தானே!”

அவருக்குப் பசித்தது. திறந்தார்.