அழிக்க முடியாத ஒரு பெயர்

இரண்டு வருடங்களுக்கு முன்னர், கொழும்பில் நடந்த ஒரு பெரிய தொழில்நுட்ப மாநாட்டில்தான் இது நடந்தது. நானும் பள்ளிக்கூடக் காலத்து நண்பன் ஒருவனும் வெள்ளவத்தையில், ஒரு புடவைக்கடையின் மேல்மாடியில், சின்ன பிளொக்செயின் கம்பனி ஒன்றைத் தொடங்கி அப்போது ஒன்பது மாதம். மாநாட்டில் எங்களுக்கும் ஒரு ஸ்டோல் கிடைத்தது. கடைசி வரிசை, ஏசிக்கு நேர் கீழே. கை விறைத்தது, ஆனாலும் சந்தோஷத்தில் அது பெரிதாகத் தெரியவில்லை.

பிளொக்செயின் என்றால் வேறொன்றுமில்லை, ஒரு பதிவை எங்கெங்கோ இருக்கும் பல கொம்பியூட்டர்களில் ஒரே நேரத்தில் எழுதி வைப்பது. எழுதினால் எழுதினதுதான். எழுதின எங்களாலும் அழிக்க முடியாது. பிறப்பு, இறப்புச் சான்றிதழ்களை இப்படிப் பதிந்து வைத்தால், வெளிநாட்டிலிருந்து பார்ப்பவர்களுக்கும் அது போலியில்லை என்று உடனே தெரியும். அதுதான் எங்கள் யோசனை. "எழுதினால் அழியாது" என்று பெரிய எழுத்தில் பனர் ஒன்றும் அடித்துத் தொங்கவிட்டிருந்தோம்.

காட்டுவதற்குப் பதிவுகள் வேண்டுமே. உண்மையான ஆட்களின் விபரங்களைப் போடக்கூடாது. அதனால் நானே ஒரு புரோகிராம் எழுதினேன். தகப்பன் பெயர்கள், பிள்ளைப் பெயர்கள், திகதிகள், ஊர்கள் எல்லாவற்றையும் கொடுத்து, கண்டபடி கலக்கச் சொன்னேன். ஒரு நிமிடத்தில் முந்நூறு பேர் பிறந்தார்கள், அதில் பாதிப் பேர் செத்தும் போனார்கள். நாங்கள் சிரித்துக்கொண்டே அதைப் பதிந்தோம். ஸ்டோலில் இருந்த பெரிய திரையில் அந்தப் பதிவுகள் ஒவ்வொன்றாக, ஐந்து விநாடிக்கு ஒன்று, ஓடிக்கொண்டே இருந்தன.

முதல் நாள் மத்தியானம் ஒரு பெண்ணைக் கவனித்தேன். நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒரு வங்கியின் அட்டை கழுத்தில் தொங்கியது. எதிர்ப்பக்கத் தூணோடு நின்று எங்கள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கிட்ட வரவுமில்லை, போகவுமில்லை. நண்பன் என் காதுக்குள், "பாங்க் ஆள் மச்சான், எங்களை எடை போடுறா" என்றான். எனக்கும் அப்படித்தான் பட்டது. முந்நூறு பதிவும் ஒரு சுற்று வர இருபத்தைந்து நிமிடம் எடுக்கும். அந்தச் சுற்று முடியும்வரை அவர் அசையாமல் நின்றார் என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது.

அடுத்த நாள் காலை, சனம் வர முதலே அவர் நேரே ஸ்டோலுக்கு வந்தார். நான் எழும்பி எங்கள் கம்பனியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"தம்பி, இந்த விபரங்களை எங்க எடுத்தனீங்கள்?"

"எங்கயும் எடுக்கேல்லை அக்கா. கொம்பியூட்டர் கலந்து போட்டது. இதில ஒருத்தரும் உண்மையான ஆள் இல்லை."

அவர் ஒரு பெயரைச் சொன்னார். நான் தேடி எடுத்தேன். ஆண். இறந்தவர். அவர் கைப்பையிலிருந்து ஒரு அடையாள அட்டையின் கொப்பியை எடுத்தார். லமினேட் செய்தது, ஓரமெல்லாம் மஞ்சளாகியிருந்தது. அதைத் திரையோடு ஒட்டிப் பிடித்தார். தகப்பன் பெயர் அதே. சொந்தப் பெயர் அதே. பிறந்த திகதியும் அதே.

"இது என்ர தம்பி" என்றார், நேரம் சொல்வதுபோல.

எங்கள் பதிவில் இறந்த நாள் என்று இருந்ததைத் தொட்டுக் காட்டினார். அந்தத் திகதியில், காலையில்தான் அவருடைய தம்பி கொட்டாஞ்சேனை வீட்டிலிருந்து கொள்ளுப்பிட்டிக்கு வேலைக்கு வெளிக்கிட்டவராம். பிறகு வரவில்லை. உடலும் இல்லை, ஒரு தகவலும் இல்லை.

"செத்ததெண்டு நாங்கள் ஒரு கடதாசியிலயும் கையெழுத்து வைக்கேல்லை தம்பி. பதினாறு வருஷமா."

பக்கத்து ஸ்டோலில் பாட்டுப் போட்டு டீசேர்ட் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் தண்ணீருக்கடியில் கேட்பதுபோல இருந்தது.

இறந்த இடம், தெமட்டகொடை என்று இருந்தது. "அங்க எங்களுக்கு ஒருத்தரும் இல்லை. அங்க ஏன்?" என்று கேட்டார்.

"சரி, அழிச்சு விடுங்கோ."

நண்பன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். "அழிக்கேலாது அக்கா."

அவர் பனரை நிமிர்ந்து பார்த்தார். "பொய்யெண்டாலுமோ?"

அதுவரை எந்த முதலீட்டாளரும் எங்களிடம் அதைக் கேட்கவில்லை. கீழே ஒரு திருத்தம் சேர்க்கலாம், இது கற்பனை என்று எழுதிவிடலாம் என்றேன்.

"கற்பனை எண்டு எழுதாதேங்கோ. அவன் இருந்தவன்."

வேறு வழியில்லாமல் திருத்தும் பக்கத்தைத் திறந்தேன். நாங்கள் செய்த படிவத்தில் இரண்டு தெரிவுகள்தான் இருந்தன. உயிருடன், இறந்தவர். 'உயிருடன்' என்பதற்கு மேல் என் கை போனதும் அவர் தடுத்தார்.

"எனக்கே தெரியாததை நீங்கள் எழுதாதேங்கோ தம்பி."

நண்பன் திரையின் வயரைக் கழற்றினான். மாநாட்டின் மிச்ச நாளெல்லாம் அது கறுப்பாகவே இருந்தது.

போகும்போது அவர் கேட்டார், ஞாயிற்றுக்கிழமை தெமட்டகொடைக்கு ஒருக்காப் போய்ப் பார்க்கப் போகிறேன், கூட வருவீர்களா என்று. அது தற்செயல், அங்கே ஒன்றும் இருக்காது என்று சொல்லத்தான் வாய் எடுத்தேன். சொன்னது "ஓம்".

நல்ல வெயில். ரயில்வே குவாட்டர்ஸ் பக்கம், சின்னச் சின்ன ஒழுங்கைகளுக்குள், அவருடைய தம்பியின் படம் ஒன்றை வைத்துக்கொண்டு வீடு வீடாக நடந்தோம். சிங்களத்தில் கேட்கும் பொறுப்பு என்னுடையது. ஒரு சில்லறைக் கடைக்காரர் படத்தை வாங்கி நீண்ட நேரம் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். திரும்பப் படத்தைப் பார்த்தார். "மல்லிகே அய்யாத?" என்றார். உன் அண்ணனா என்று கேட்கிறார். நான் இல்லை என்று தலையாட்டினேன். "தன்னெ நே" என்று, தனக்குத் தெரியாதென்று, படத்தைத் திருப்பித் தந்தார். எல்லோரும் அதையேதான் சொன்னார்கள்.

பஸ் ஹோல்ட்டில் அவர் அந்தப் படத்தைத் துடைத்துப் பைக்குள் வைத்தார். அவருக்கு என்னில் கோபமில்லை.

"நான் தேடாத இடம் எண்டு மிஞ்சியிருந்தது இதுதான் தம்பி. இனி இங்கயும் இல்லை" என்றார். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு அந்தப் புரோகிராமை நூற்றுக்கணக்கான தடவை ஓடவிட்டுப் பார்த்தேன். அந்தப் பெயரும் அந்த இரண்டு திகதிகளும் ஒன்றாக ஒருநாளும் வரவில்லை. தற்செயலாக அப்படி வரலாம்தான் என்று நண்பன் சொல்கிறான். ஆனால் அவனும் அந்தத் திரையைத் தன் வீட்டில் வைக்கச் சம்மதிக்கவில்லை. பதிவு இன்னும் அப்படியே இருக்கிறது, எந்த நாட்டிலோ எவருடைய கொம்பியூட்டரிலோ. எங்கள் படிவத்தில் இப்போது மூன்றாவதாக ஒரு தெரிவு இருக்கிறது. 'தெரியாது.' இது எதற்கு என்று வாடிக்கையாளர்கள் கேட்பார்கள், தேவைப்படும் என்று மட்டும் சொல்வேன்.

வெறுமையாக இருக்கும் ஒரு கட்டத்தை நிரப்புவதற்காக நான் கண்டபடி போடும் ஒரு சொல், எங்கோ ஒரு வீட்டில் பதினாறு வருடமாக யாரும் எழுதாமல் காத்துவந்த சொல்லாக இருக்கக்கூடும் என்ற பயம், ஒவ்வொரு பதிவையும் அனுப்ப முன்னர் என் விரலை இன்றைக்கும் ஒரு கணம் பிடித்து நிறுத்துகிறது.