டொகுஜி போட்ட சிவப்புக் கட்டை

ஜப்பானில் எங்கள் பெப்பு ஊர்க் கடைத்தெருவில் யார் வீட்டில் எது உடைந்தாலும் "என் தப்புதான்" என்று முதலில் தலை குனிபவர், முடிதிருத்தும் டொகுஜி. மழை பெய்து திருவிழா கெட்டாலும் குனிவார். எனக்கு எரிச்சலாக வரும். எதிரே மீன்கடை வைத்திருப்பவன் நான். இந்த மனிதர் நல்லவரா, அசடா என்று இன்னும் பிடிபடவில்லை.

ஒரு பழியை மட்டும் அவர் ரொம்பவே சுமந்தார். எங்கள் தெருக்காரி யசுவேயின் மகள் அகனேவுக்கு ரியோஹெய்யை மாப்பிள்ளையாகப் பார்த்து முடித்துவைத்தவர் அவர்தான். எங்கள் வழக்கப்படி கல்யாணத்துக்கு முன்பு மணப்பெண்ணின் முகத்திலும் பிடரியிலும் பூனைமுடியை மழித்துவிட்டதும் அவரே. ஜோடி நன்றாகத்தான் இருந்தது. யசுவே அவர்களைத் தன் வீட்டு மாடியில் குடிவைத்து, மருமகன் சூப் குடிக்கும் சத்தம்வரை குறை சொல்ல ஆரம்பித்த பிறகு பிரிந்தார்கள். தெருவுக்கே தெரியும், யார் வாய் திறப்பார்? அன்றிலிருந்து யசுவே முகம் மழிக்க அவர் கடைக்கு வருவதில்லை. யசுவே மறுபடி வந்து தன் கடை நாற்காலியில் உட்கார வேண்டும், டொகுஜிக்கு வேறு ஆசையே இல்லை. அவள் நடத்தும், கட்டைகள் வைத்து ஆடும் மாஜாங் கூடத்துக்கு மட்டும் இவர் தவறாமல் போவார். அங்கே காசு கிடையாது, வெறும் புள்ளிக் குச்சிகள்தான்.

ஒரு நாள் மதியம் ஆட்டத்தில் யசுவே, டொகுஜி, பழைய பஸ் டிரைவர் ஷிந்தோ, நான். வெள்ளை, பச்சை, சிவப்பு மூன்றிலும் மும்மூன்று கட்டை சேர்த்தால் ஆட்டத்திலேயே பெரிய வெற்றி. வெள்ளையும் பச்சையும் என் முன்னால் விரித்துக் கிடந்தன. அதற்குமேல் புத்தியுள்ள எவனும் சிவப்பைப் போடமாட்டான்.

"நேத்து அகனே வந்திருந்தா," என்றாள் யசுவே, யாரிடமோ சொல்வதுபோல.

டொகுஜியின் கை சிவப்பைப் போட்டது. அடுத்தவர் போட்ட கட்டையை எடுக்கச் சொல்லும் "போன்!" என்ற சொல்லைக் கத்தி எடுத்துக்கொண்டேன்.

"புத்தி கெட்டுப்போச்சா, டொகுஜி சான்? கண்ணு எங்க இருக்கு? எப்பவும் இப்படித்தான் நீங்க!" திட்டிக்கொண்டே யசுவே தன் முறைக்கு ஒரு கட்டையைப் பார்க்காமல் தட்டினாள். அதற்காகத்தான் நான் காத்திருந்தேன். ஜெயித்துவிட்டேன்.

எனக்குச் சேரவேண்டிய குச்சிகளை யார் கொடுப்பது? எங்களில் எவரும் இப்படி ஒரு ஆட்டத்தைக் கண்டதில்லை.

"சிவப்பப் போட்டவர்தான் முழுசும்," என்றார் ஷிந்தோ.

"அது நான் தானா கட்டை எடுத்து ஜெயிச்சா. இன்னொருத்தர் போட்டுக் குடுத்தா பாதிப் பாதி," என்றேன்.

"கடைசியா போட்டது யசுவே சான். அப்ப அவங்கதானே முழுசும்?" ஷிந்தோ மாற்றிப் பேசினார்.

"அப்படின்னா சிவப்பப் போட்டவருக்குப் பொறுப்பு ஒண்ணும் இல்லியா?" என்றேன்.

எனக்கே தலை சுற்றியது. கூடத்துக்கு விதி வைத்தவள் யசுவே. அவளோ, "அவரே குடுப்பாரு," என்றாள்.

"என் தப்புதான்," என்று டொகுஜி குச்சிகளை எல்லாம் என் பக்கம் தள்ளினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சும்மா இருங்க! சிவப்பு உங்களோடது, சரி. கடைசிக் கட்டையையும் நீங்களா போட்டீங்க?"

யசுவே தான் போட்ட கட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கொடுக்கவேண்டியதில் பாதியைத் தன் குச்சிகளிலிருந்து என்னிடம் வைத்து, டொகுஜி தள்ளியதில் பாதியை அவரிடமே திருப்பினாள்.

"அவங்க ஏன் குடுத்தாங்க?" படி இறங்கும்போது கேட்டார் டொகுஜி.

"விதி."

"சிவப்பு என்னோடது இல்லியா?"

மறுபடி விளக்கினேன். அவருக்குப் புரியவில்லை. பாதியில் எனக்கும் குழம்பிவிட்டது.

மறுநாள் காலை நான் மீனுக்கு ஐஸ் போட்டுக்கொண்டிருந்தேன். யசுவே தெருவைக் கடந்து டொகுஜி கடைக்குள் போய் நாற்காலியில் சாய்ந்தாள். கதவு திறந்தே இருந்தது.

"பிடரியும் சேத்து மழிங்க," என்றாள். அவர் கத்தியை எடுத்ததும், "அகனே விஷயத்துலயும் பாதி என்னோடது, டொகுஜி சான்."

"என் தப்பு..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டார். கத்தி அந்தரத்திலேயே நின்றது. "பாதிதானா?"

"பாதிதான். கை நடுங்காம மழிங்க."