கப்பலேறாத பிள்ளை

எங்கள் சபையின் மாதப் பத்திரிகையில் நான் ஒரு சரித்திரக் காதல் தொடர்கதை எழுதிக்கொண்டிருந்தேன். வெள்ளைக்காரன் காலத்துப் பஞ்சத்தில், மிஷன் விடுதியில் வளரும் ஓர் ஏழைப் பெண்ணைக் கப்பலேற்றி வெளிநாட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அவளை நேசித்த பையன் துறைமுகத்திலேயே நின்று கிழவனாகிறான். சங்கரன்கோவிலில் ஜவுளிக்கடை வைத்திருப்பவனுக்குக் கப்பலைப் பற்றி என்ன தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. நான் கடலைப் பார்த்ததே திருச்செந்தூரில்தான், அதுவும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு முட்டளவு தண்ணீரில். அப்படிப்பட்டவன் மூன்று மாதம் தொடர்ந்து புயல் அடிக்கவிட்டேன். பனி கொட்டுவதை வர்ணித்த அன்று கடையில் கரண்ட் இல்லை. வேர்வை சொட்டித் தாளில் மை கலைந்தது. ஒவ்வொரு அத்தியாயத்தின் கடைசியிலும், பொருந்துகிறதோ இல்லையோ, ஒரு வேத வசனத்தைப் போட்டுவிடுவேன். அதனால் போதகரும் குறை சொல்லவில்லை.

சேலை எடுக்க வருகிற பெண்கள் கல்லாவின் முன் நின்று, "அண்ணாச்சி, பாவம் அந்தப் பிள்ள, எப்படியாவது சேத்து வச்சிருங்க" என்பார்கள். எனக்குத் தலைகால் புரியாது. கேட்காமலே விலையைக் குறைத்துவிடுவேன். "இவுக கதய நிறுத்துனாத்தான் கட வெளங்கும்" என்று என் மனைவி போதகரிடமே சொல்லியிருக்கிறாள்.

அந்தக் கதைக்கு மூலம் என் தங்கை. அப்பா இறந்தபோது எனக்கு ஐந்து வயது, அவளுக்கு இரண்டு நிரம்பவில்லை. அம்மா தறிக்கூடத்தில் நூல் சுற்றப் போனாள். அந்தக் கூலி மூன்று வயிற்றுக்குப் பற்றாமல் எங்கள் இருவரையும் ஒரு பிள்ளைகள் இல்லத்தில் விட்டாள். அங்கிருந்து தங்கை ஸ்வீடனில் ஒரு குடும்பத்துக்குத் தத்துப் பிள்ளையாகப் போனாள். நான் அம்மாவிடமே திரும்பி வந்தேன். தங்கை போனது கப்பலில்கூட இல்லை, விமானத்தில். விமானத்தில் காதல் எடுபடாது என்று நான்தான் அதைக் கப்பலாக்கி, காலத்தைப் பின்னுக்குத் தள்ளி, ஒரு காதலனையும் கொண்டுவந்து நிறுத்தினேன். யாராவது தங்கையைப் பற்றிக் கேட்டால், "அவ வெளிநாட்டுல படிக்கா" என்பாள் அம்மா. ஐம்பது வயதை நெருங்கும் பெண் இன்னும் என்ன படிக்கிறாள் என்று சொந்தக்காரர்கள் ஒருவரும் கேட்காதது அவர்களுடைய பெருந்தன்மை.

ஏன் அவள், ஏன் நான் இல்லை என்று அம்மாவிடம் நான் கேட்டதே கிடையாது. கேட்க என்ன இருக்கிறது, நான் ஆண்பிள்ளை, என்னை அனுப்ப அம்மாவுக்கு மனம் வரவில்லை என்று நானே முடிவு செய்துகொண்டேன். அதில் எனக்கு வெட்கம் உண்டு. உண்மையைச் சொன்னால் கொஞ்சம் பெருமையும் உண்டு.

தங்கை அந்த இல்லத்தின் வழியாக எங்களைத் தேடிக் கண்டுபிடித்து, இந்த வருடம் வந்தாள். மதுரையிலிருந்து காரில் வந்துவிடுவதாகச் சொன்னாள். நான் விடவில்லை. வீட்டு வாசலில் காரிலிருந்து இறங்குவது ஒரு சந்திப்பா? ரயிலில்தான் வர வேண்டும் என்று அடம்பிடித்தேன். மகள் கல்யாணத்துக்குத் தைத்த கோட்டை மாட்டிக்கொண்டு, மாலையும் கையுமாக ஸ்டேஷனில் நின்றேன். ஆங்கிலத்தில் ஒரு சிறு பேச்சு, என் கதையின் நாயகன் பேச வேண்டியது, மனப்பாடமாக இருந்தது. அவள் இறங்கினாள். என்னைவிட ஒரு தலை உயரம். நான் எம்பி எம்பி மாலையைப் போட்டு முடித்துத் தொண்டையைச் செருமினேன். அவள் மெதுவாக, கழிவறை எங்கே என்று கேட்டாள். போய்விட்டு வருவதற்குள் எனக்குப் பேச்சு மறந்துவிட்டது.

வீட்டில் அம்மா அவளைப் பார்த்ததும் அழவில்லை. அவள் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள், அவ்வளவுதான். முகத்தை நிமிர்ந்து பார்க்கவே இல்லை. இவளுக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்கு வேறெதுவும் தெரியாது. நடுவில் நான்தான் மொழிபெயர்ப்பாளர். எனது ஆங்கிலம் மில் ஏஜென்டுகளிடம் சரக்கு ஏன் வரவில்லை என்று கேட்கும் அளவுக்கானது.

மதியம் எல்லோரும் பிரியாணி சாப்பிட உட்கார்ந்தோம். என் பேத்தி, மகளின் குழந்தை, புது ஆளைப் பார்த்துக்கொண்டு சாப்பிட மறுத்தாள். நான் வழக்கம்போல, "ஏட்டி, ஒழுங்காத் தின்னு. ஒன்னயத் தவிட்டுக்குத்தான வாங்குனோம், திருப்பிக் குடுத்துருவேன்" என்றேன். எல்லோரும் சிரித்தோம். தங்கை எதற்குச் சிரிப்பு என்று கேட்டாள்.

அங்கே நான் வாயை மூடியிருக்க வேண்டும். எழுத்தாளன் அல்லவா, பண்பாட்டை விளக்க ஆரம்பித்தேன். முன்காலத்தில் பிள்ளைகள் அடுத்தடுத்துச் செத்துப்போனால், அடுத்துப் பிறக்கும் பிள்ளையைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்துவிட்டு, கொஞ்சம் தவிட்டைக் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். மதிப்பில்லாத பிள்ளை என்று சாவு விட்டுவிடுமாம். வேதக்காரர்கள் இதையெல்லாம் செய்யக் கூடாது, ஆனாலும் பிள்ளைகளை இப்படிச் சீண்டாத வீடு எங்கள் சபையில் இல்லை, போதகர் வீடு உட்பட. இவ்வளவையும் மில் ஏஜென்ட் ஆங்கிலத்தில், கையை ஆட்டி ஆட்டி, மிகுந்த மகிழ்ச்சியோடு சொல்லி முடித்தேன்.

தங்கை சிரிக்கவில்லை. திரும்ப வாங்கிக்கொள்வார்களா என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். ஆமாம் என்ற பிறகுதான் நான் என்ன சொல்லியிருக்கிறேன் என்று எனக்கே உறைத்தது. மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

தங்கை கையைக் கழுவிவிட்டு வந்து அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்தாள். தான் வந்தது ஒரே ஒரு கேள்விக்காக என்றாள். "என்னை ஏன் கொடுத்தாள், உன்னை ஏன் வைத்துக்கொண்டாள்? கேள். அவள் சொல்வதை அப்படியே சொல். நன்றாக இருக்க வேண்டும் என்று எதையும் சேர்க்காதே."

பார்த்த அரை நாளில் என்னை எடைபோட்டுவிட்டாள். நான் சேர்க்கத்தான் இருந்தேன். அம்மா என்ன சொன்னாலும் அதை ஜெபத்திலும் கண்ணீரிலும் முக்கி எடுத்துக் கொடுப்பதற்கு வாக்கியங்கள் தயாராக இருந்தன. வேறு வழியின்றிக் கேள்வியை அப்படியே அம்மாவிடம் கேட்டேன். பதில் எனக்குத் தெரியும் என்ற பயம்.

"நான் எங்கன வச்சுக்கிட்டேன்?" என்றாள் அம்மா. "ரெண்டு பேரையும் சேத்துக் கூட்டிட்டுப் போங்கன்னுதான் அந்த இல்லத்து வெள்ளக்காரம்மாவக் கையெடுத்துக் கும்பிட்டேன். ஒண்ணுக்கொண்ணு தொணையா இருக்கும்னு. இவனுக்கு ஒடம்பெல்லாம் செரங்கு. டாக்டர் பாத்துட்டு, இவன் வேண்டாம்னுட்டாரு."

இதை நான் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். சிரங்குக்கு ஆங்கிலம் தெரியவில்லை. கோட்டைக் கழற்றிவிட்டு, கையையும் முதுகையும் சொறிந்து காட்டினேன். அம்மாவால் விட முடியாத செல்லப் பிள்ளை என்று இத்தனை காலம் நினைத்திருந்தவன், கழித்துப் போட்ட சரக்கு நான்தான் என்று நடித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். தங்கை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். என் பேத்தியும் சேர்ந்து சொறிந்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது.

"எம்மா, அப்ப என்னயும் தள்ளிவிடத்தான் பாத்தியா?"

"பின்ன? சோறு இல்லலா." அம்மா தங்கையின் கையைத் தடவிக்கொண்டே இருந்தாள். "ஏலே, ஒன்ன வேண்டாம்னு சொன்னதும் எனக்கு உசுரு வந்துச்சு. ஒண்ணாவது மிஞ்சுச்சேன்னு சந்தோசம். அந்தச் சந்தோசத்துல ஒன்னத் தூக்கி வச்சுக்கிட்டு நின்னுட்டேன். இவ கார்ல ஏறும்போது அழுதாளா என்னன்னு நான் பாக்கல. அம்பது வருசமா அதான் மனசுல கெடக்கு. அதான் இவ மொகத்த நிமிந்து பாக்க முடியல. அதயும் சொல்லு."

சொன்னேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. என் வாழ்க்கையில் அப்படி நான் எதையும் சொன்னது அதுதான் முதல் தடவை.

தங்கை என் பக்கம் திரும்பினாள். என்னிடம் கேட்டாள். "உனக்கு அந்த நோய் வராமல் இருந்திருந்தால், இவள் தனியாக இருந்திருப்பாளா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"அப்படியென்றால் நீ இங்கே இருந்தது நல்லது. அதை அவளிடம் சொல்."

அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லத் தொடங்கினேன். அழுகை வந்து பேச்சு பாதியில் நின்றுவிட்டது. "என்னலே சொல்லுதா?" என்று கேட்டபடி, அம்மா முதல் தடவையாகத் தங்கையின் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.