நடை சொன்ன பொய்

படப்பையில் என் நாத்தனார் மகளுக்கு மஞ்சள் நீராட்டு விழா. தாய்மாமன் சீர் எங்களுடையது. மண்டபத்தில் ஜமக்காளம் விரித்து, நானும் தரையில் உட்கார்ந்து தட்டுகளை அடுக்கினேன். பழம், பட்டுப்பாவாடை, வளையல் என்று எல்லாம் ஆனதும் போட்டோகிராபர் கூப்பிட்டார். மற்றவர்கள் ஆளுக்கொரு தட்டோடு எழுந்துவிட்டார்கள். என்னால் எழுந்திருக்க முடியவில்லை.

முட்டியில் கை ஊன்றிப் பார்த்தேன். இடுப்புக்குக் கீழே எல்லாம் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. கடைசியில் நாலு காலில் தவழ்கிற மாதிரி குனிந்து, ஒரு நாற்காலியைப் பிடித்தேன். பட்டுப்புடவை முட்டிக்கு மேல் ஏறிக்கொண்டது. வீடியோ எடுக்கிற பையன் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். என் கணவரின் பெரியம்மா ஓடிவந்து அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார். நான் இரண்டு பக்கமும் அசைந்து அசைந்து நடந்ததைப் பார்த்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"இன்னாடி, எங்ககிட்ட மறைச்சுகினு கீற? நடையே சொல்லுதே!"

கல்யாணமாகிப் பல வருடமாகியும் எங்களுக்குக் குழந்தை இல்லை. என் மாமியார் மேடையிலிருந்து திரும்பிப் பார்த்தார். அவர் முகத்தை அப்படி நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

எனக்கு மாதவிலக்கு முடிந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. சொல்லியிருக்கலாம். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதை வெட்கம் என்று எடுத்துக்கொண்டு எல்லோரும் சிரித்தார்கள்.

உடம்பு வலி பல மாதமாகவே இருந்தது. இடுப்பு, தொடை, கெண்டைக்கால் என்று ஒரு மந்தமான வலி. பஸ் படி ஏற முடியாது. வீட்டில் சொன்னபோது, "ஏசி ரூம்ல உக்காந்து வேலை பாக்கறவளுக்கு வலியா?" என்றார் அத்தை, அதாவது என் மாமியார். தண்ணீர் கேனை என்னால் தூக்க முடியாததை ஒரு சாக்காகத்தான் நினைத்தார். அதனால்தானோ என்னவோ, மண்டபத்தில் அந்தப் பெரியம்மா சொன்னதும் எனக்கு அது ஒரு நல்ல பெயர் மாதிரி பட்டது. சோம்பேறி என்பதைவிட நல்ல பெயர்.

அடுத்த நாளிலிருந்து கேனை அத்தையே உருட்டிக்கொண்டு போனார். நான் துடைப்பத்தை எடுத்தால் பிடுங்கிக்கொண்டார். என் கணவர் ஒரகடத்தில் ஷிப்ட் முடிந்து வரும்போது மாதுளம்பழம் வாங்கிவந்தார்.

"அம்மா சொல்றது நிஜமா?" என்று கேட்டார்.

"இன்னும் கன்ஃபார்ம் ஆகலை" என்றேன்.

அந்தப் பழத்தை உரித்துச் சாப்பிடவும் செய்தேன். மறுபடி மாதவிலக்கு வந்தபோது பேட் பாக்கெட்டை ஆபீஸ் பைக்குள் ஒளித்து வைத்தேன். உபயோகித்ததை வீட்டுக் குப்பையில் போடாமல், சுற்றி எடுத்துப் போய், காட்டாங்குளத்தூரில் நான் வேலை பார்க்கும் கல்லூரியின் கழிவறையில் போட்டேன். ரயிலில் அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது.

கொஞ்ச நாளில் அத்தை, "மேடவாக்கத்துல ஒரு லேடி டாக்டர் இருக்காங்க, போய்க் காட்டிட்டு வந்துடலாம்" என்றார். இரண்டு முறை தட்டிக்கழித்தேன். மூன்றாவது முறை ஆட்டோவை வாசலில் நிறுத்திவிட்டுத்தான் கூப்பிட்டார்.

டாக்டர் முதலில் கேட்டதே, "கடைசியா பீரியட்ஸ் எப்போ?" என்றுதான்.

அத்தை பக்கத்து நாற்காலியில், கைப்பையை மடியில் அணைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

"போன வாரம், டாக்டர்."

அத்தை என்னைப் பார்க்கவில்லை. கைப்பையின் ஜிப்பை மட்டும் ஒருமுறை திறந்து மூடினார்.

"அப்புறம் என்ன பிரச்சினை?" என்றார் டாக்டர். வலியைச் சொன்னேன். முழங்காலுக்குக் கீழே முன் எலும்பில் கட்டைவிரலால் அழுத்தினார். கத்திவிட்டேன். ஒரு குட்டை ஸ்டூலில் உட்காரவைத்து, கையை ஊன்றாமல் எழுந்திருக்கச் சொன்னார். முடியவில்லை. ரத்தப் பரிசோதனைக்கு எழுதித் தந்தார்.

ரிசல்ட் வாங்கப் போனபோதும் அத்தை கூடவே வந்தார். வைட்டமின் டி மிகவும் குறைந்துபோய், எலும்பு மெத்தென்று ஆகியிருப்பதாக டாக்டர் சொன்னார். இடுப்புத் தசையும் பலமிழந்திருப்பதால்தான் அந்த அசைந்த நடை.

"மெட்ராஸ்ல வெயிலுக்கா பஞ்சம்?" என்று அத்தை அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"வெயில் இருக்கும்மா. இவங்க மேல படணுமே" என்றார் டாக்டர். என்னிடம் என் நாளைக் கேட்டார். வெயில் ஏறுவதற்கு முன்பே ஸ்கூட்டியில் தாம்பரம் ஸ்டேஷன். கறுத்துவிடுவேன் என்று முகத்தைச் சுற்றித் துப்பட்டா, முழங்கை வரை கையுறை. பகலெல்லாம் ரெக்கார்டு ரூம். திரும்பும்போது இருட்டு. வீடு கீழ்த்தளம், ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். கண்ணாடி வழியாக வரும் வெயிலும் இதற்கு உதவாது என்றார். வாரம் ஒருமுறை பாலில் கலந்து குடிக்க ஒரு பவுடரும், கால்சியம் மாத்திரையும் கொடுத்தார். பவுடரை வாரத்துக்கு ஒரு பாக்கெட்டுக்கு மேல் குடிக்கக் கூடாது, அளவு மீறினாலும் ஆபத்து என்று அழுத்திச் சொன்னார். முட்டை, மீன் சாப்பிடச் சொன்னார். முடிந்தபோதெல்லாம் காலை பத்து மணிக்கு மேல் கை கால் தெரிய கொஞ்ச நேரம் வெயிலில் இருக்கச் சொன்னார்.

ஆட்டோவில் வரும்போது, "எப்போலேர்ந்து வலிக்குது?" என்று அத்தை கேட்டார்.

"தீபாவளிக்கு முன்னாடிலேர்ந்து."

அன்று என் கணவரிடம் நானே சொன்னேன். அவர் வெகுநேரம் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல" என்றார். பிறகு பவுடரை எந்தக் கிழமை குடிக்க வேண்டும் என்று கேட்டார்.

அறைக்குள் படுத்திருந்தேன். வெளியே அத்தை ஒவ்வொருவருக்காகப் போன் போட்டுக்கொண்டிருந்தார். நாத்தனார், படப்பைப் பெரியம்மா, இன்னும் யார் யாரோ. எல்லோரிடமும் ஒன்றையே சொன்னார்.

"அதெல்லாம் இல்ல. அவ ஒண்ணும் சொல்லலை. நான்தான் தப்பா நினைச்சுக்கிட்டேன்."

ஒவ்வொரு போனுக்கும் தலையணையில் முகத்தை இன்னும் அழுத்திக்கொண்டேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் அதைத் தாங்கியிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மொட்டைமாடிக்குப் போக ஆரம்பித்தேன். முதல் சில வாரங்கள் அத்தைதான் கையைப் பிடித்து ஏற்றிவிட்டார். நைட்டியைக் கெண்டைக்கால் வரை தூக்கிக்கொண்டு சின்டெக்ஸ் டேங்க் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். எதிர் பிளாட்டிலிருந்து பார்ப்பார்கள் என்று கூசும். வலி மெல்லத்தான் குறைந்தது. மாதங்கள் போனபின் படிகளைக் கைப்பிடி இல்லாமல் ஏறினேன்.

அப்படி ஒரு ஞாயிறு அத்தை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"அத்தை, மண்டபத்துலயே நான் இல்லைன்னு சொல்லியிருக்கணும். தப்பு என்னோடது" என்றேன்.

ஒரு போர்வையை உதறிக் கொடியில் போட்டார். கிளிப் மாட்டினார்.

"சொல்லியிருந்தா உன்னை டாக்டர்கிட்டக் கூட்டிப் போயிருப்பேனா? வலின்னு நீ சொன்னப்போ கூட்டிப் போகலையே" என்றார்.

அவர் பக்கெட்டிலிருந்து அடுத்த துணியை எடுத்தார். அதன் மறுமுனையைப் பிழியப் பிடித்துக்கொண்டேன். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் முறுக்கினோம்.