ஏழு மெகாஹெர்ட்ஸில் அண்ணன்

என் புதுவீட்டில் பால் காய்ச்சிய அன்று நான்தான் வாயை விட்டேன். நாகர்கோவிலிலிருந்து வந்த அண்ணன், தன் ஹாம் ரேடியோவைப் பற்றி ஆசையாகச் சொல்லிக்கொண்டிருந்தான். ஞாயிறு காலையில் பல ஊர்ச் சிநேகிதர்களோடு அதில் பேசுவான். கல்யாண வீடே ஆனாலும் அதை விடமாட்டான். “வாட்ஸ்அப் இருக்கும்போது இந்தக் கரகரப்பு எதுக்குண்ணே?” என்று எல்லார் முன்னாலும் சிரித்துவிட்டேன். சாப்பிடாமலே பஸ் ஏறிவிட்டான். நான்கு மாதம் என் போனை எடுக்கவில்லை.

அவன் குரலையாவது கேட்க வேண்டும் போலிருந்தது. கேட்க மட்டும், லேப்டாப்பில் செருகும் ரிசீவர் ஒன்று போதுமாம். திருவனந்தபுரம் கழக்கூட்டத்தில் சாஃப்ட்வேர் வேலை பார்ப்பவள் எப்படி வாங்குவாள்? பெரிய எண்ணைப் பார்த்துத்தான். ஆயிரத்து எழுநூறு மெகாஹெர்ட்ஸ் வரை ஏறும் என்றதும் வாங்கிவிட்டேன். எங்கே தொடங்கும் என்று பார்க்கவில்லை. அது இருபத்து நான்கில் தொடங்கியது. அண்ணன் பேசுவதோ ஏழில். என்னைச் செருப்பாலேயே அடிக்க வேண்டும்.

மறுபடி தேடியபோது கேள்வி ஒன்றுதான்: ஏழு தெளிவாக வருமா? வரும் என்ற ஒன்றை வாங்கி, மொட்டை மாடியில் துணிக்கொடிக்கு மேலே ஆன்டெனாவாகப் பத்து மீட்டர் ஒயர் கட்டினேன். “இதெந்தா சேச்சி?” என்றார் வாட்ச்மேன். துணி காயப்போட என்று புளுகினேன்.

ஞாயிறு காலை ரேடியோவில் பேசிய எல்லாரும் முதலில் வாத்து மாதிரி கத்தினார்கள். குரல் தெளிய, திரையில் அலைவரிசையைக் காட்டும் கோட்டை லேசாக நகர்த்தினேன். அட, அண்ணன்! வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று யாரோ மதுரைக்காரர் அவனிடம் கேட்டார்.

“சுகம்தான். திருவனந்தபுரத்துல தங்கச்சி ஒருத்தி உண்டு. அவளுக்கும் சுகம்தான்னு நெனைக்கேன்.”

நினைக்கிறானாம், பாவி! எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பதில் சொல்லவும் வழியில்லை. என் பெட்டிக்குக் காது மட்டும்தான்.

நன்றாகக் கேட்டால் ‘அஞ்சு ஒன்பது’ என்று சொல்வது அவர்கள் வழக்கம். “அண்ணே, உன் குரல் இங்கே அஞ்சு ஒன்பது” என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்.

ஒரு நிமிஷத்தில் போன் அடித்தது. அண்ணன்தான்.

“ஏட்டி, ஒயர் எத்தனை மீட்டர்?”

“பத்துண்ணே.”

“போதாது. வாற ஞாயித்துக்கெழமை காலையிலே வாறேன். நான் கெட்டித் தாறேன்.”