காம்பில் இருந்த சுணை

எங்கள் உலர்தாவரக் கூடத்தில் பசை அண்ணனைத் தெரியாதவர் இல்லை. காய்ந்த செடிகளைத் தாளில் ஒட்டி, உறையில் போட்டு, அலமாரியில் அடுக்குவது அவர் வேலை. இருபத்தாறு வருடம். அப்படியொரு சுத்தம், மேசையில் என் டம்ளரின் ஈரத்தடம் பட்டாலே முகம் சுருங்கும். "நல்லவேளை, நீங்க கல்யாணம் பண்ணிக்கல" என்று கிண்டல் செய்வேன்.

எங்கள் பட்டியலில் இரண்டு செடிகள். ஒரே குடும்பம், ஒரே பேரினம், பார்க்க இரட்டைப் பிள்ளைகள். இரண்டுக்கும் ஐந்து ஊதா இதழ். ஒன்று சாக்கடை ஓரமெல்லாம் முளைக்கும். அதற்குப் பழுப்பு உறை. மற்றது ஊருக்கு மேற்கே ஒரே ஒரு பாறைச் சரிவில் மட்டும் உண்டென்று பழைய குறிப்பு சொன்னது. அகப்பட்டால் அருகிவரும் செடிகளுக்கான சிவப்பு உறை. அதன் பூங்காம்பில் மட்டும் பூனைமுடி போல வெள்ளையாகச் சுணை இருக்குமாம். வேறு வித்தியாசமே கிடையாது.

அந்தச் சரிவிலிருந்து வந்த செடிகளை ஒட்டிய ஏழு தாளிலும் காம்பு வழவழவென்றிருந்தது. ஏழும் பழுப்பு உறைக்குள் போயின. "அரிய செடி எதுவும் இல்லை" என்று பட்டியலில் அந்தச் சரிவுக்கு நேரே தட்டச்சு செய்தவள் நான்தான். அடுத்த வருடமே அங்கே கல்குவாரிக்கு அனுமதி கிடைத்தது.

நான்கு வருடம் கழித்துப் புதிதாக வந்த ஆய்வாளரம்மா, அந்தத் தாள் ஒன்றின் ஓரத்திலிருந்த சின்னக் காகிதப் பொட்டலத்தைப் பிரித்தார். ஒட்டும்போது உதிர்வதை அதில்தான் போட்டுவைப்போம். உள்ளே ஒரு பூ. காம்பில் வெள்ளைச் சுணை.

"இதுல இருக்கு, தாள்ல இல்லையே. எப்படிண்ணே?"

அண்ணன் முகம் வெளுத்துவிட்டது. "பூஞ்சைன்னு நெனச்சேம்மா. ஸ்பிரிட் தொட்டு, பிரஷ்ல ஒவ்வொண்ணா தேச்சு எடுத்தேன். ஏழையும்."

மறுநாள் மூவரும் போனோம். சரிவு இருந்த இடத்தில் பச்சைத் தண்ணீர் தேங்கிய பள்ளம். அண்ணன் விளிம்பெல்லாம் மண்டியிட்டுத் தேடினார். ஊதாவாக எதைக் கண்டாலும் காம்பைத் தடவிப் பார்த்தார். எல்லாம் வழவழ.

படிவத்தில் நிலை: "அழிந்துவிட்டதாகக் கருதப்படுகிறது" என்று அடித்தேன். காரணம்: "கல்குவாரி."

"அதுல என் பேரையும் போடும்மா" என்றார் அண்ணன்.

"அப்ப என் பேரையும் போடணும். கட்டம் சின்னதுண்ணே."

ஏழு தாளையும் அவரே சிவப்பு உறைக்கு மாற்றினார். அன்று இழுப்பறையில் போட்ட பிரஷ்ஷை மறுபடி எடுக்கவே இல்லை. இந்த மழைக்கு நிஜமாகவே பூஞ்சை பிடித்த தாள்கள் குவிந்துகிடக்கின்றன. அவர் தொடமாட்டேன் என்கிறார். நான்தான் பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு, துடைக்கவும் பயந்து, விடவும் பயந்து உட்கார்ந்திருக்கிறேன்.