கோயில் காளைக்குப் புகையிலை அபிஷேகம்

கல்யாணமாகி வந்த புதிதில் என் மாமனாரும் நானும் பேசிக்கொண்டதெல்லாம் மாட்டின் வழியாகத்தான். மருமகள் மாமனாரிடம் நேருக்கு நேர் பேசக் கூடாது என்பது அந்த ஊர்க் கட்டு. மாமியார் இருந்தால் நடுவில் நின்று எடுத்துச் சொல்வார். என் மாமியாரோ நான் வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். என் வீட்டுக்காரர் கட்டுமாவடியில் கருவாடு ஏற்றிக் கீரமங்கலம் சந்தையில் இறக்குகிற வண்டிக்காரர். பாதி நாள் வீட்டில் தங்க மாட்டார். மிச்சம் இருந்தது, பிறந்த வீட்டுச் சீராக என்னோடு வந்த செவலைப் பசு ஒன்றுதான்.

“செவலை, சோறு ஆறுதுன்னு சொல்லு” என்பேன் நான், அதன் கழுத்தைப் பார்த்துக்கொண்டு.

“செவலை, வாரேன்னு சொல்லு” என்பார் மாமா, அதன் வாலைப் பார்த்துக்கொண்டு.

செவலை எங்கள் இரண்டு பேரையும் விட்டுவிட்டு வைக்கோலைப் பார்க்கும். எனக்கு இதில் ஒரு குறையும் இல்லை. பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரை படித்தபோதே, வாத்தியார் பெயர் கூப்பிட்டால் பதில் சொல்ல வாய் வராமல், போன நாளையெல்லாம் வராத நாள் என்று பதிவேட்டில் எழுத வைத்தவள் நான்.

ஒரு ஐப்பசி மழை விட்டதும் செவலை தீனியைத் தொடவில்லை. உடம்பு அனலாகக் கொதித்தது. பிறகு அது விட்ட மூத்திரம், வெற்றிலை போட்டுத் துப்பினது போலச் சிவப்பாக இருந்தது. அப்படியே கால் மடித்துப் படுத்துவிட்டது. எனக்கு அழுகை தாங்கவில்லை. என் அம்மா வீட்டு வாசனை என்று அந்த ஊரில் எனக்கு இருந்தது அது ஒன்றுதான். அதோடு, அது போய்விட்டால் மாமாவிடம் நான் யார் வழியாகப் பேசுவது? ஆட்டுக்கல் வழியாகவா?

சமஸ்தானத்து மாட்டு டாக்டர் கீரமங்கலம் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு, மாமா ஆள் அனுப்பி அழைத்து வந்தார். டாக்டர் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுச் செவலையின் பக்கத்தில் குந்தினார்.

“எப்ப இருந்து தீனி எடுக்கல?” என்று மாமாவைக் கேட்டார்.

மாமா மாட்டின் பக்கம் திரும்பினார். “அடி செவலை, எப்ப இருந்து தீனி எடுக்கலையாம்?”

நான் வைக்கோல் போருக்குப் பின்னாலிருந்து, “செவலை, முந்தாநாள்ல இருந்துன்னு சொல்லு” என்றேன்.

டாக்டர் மாமாவைப் பார்த்தார், வைக்கோல் போரைப் பார்த்தார், கடைசியில் மாட்டைப் பார்த்தார். “காய்ச்சல்ல படுத்திருந்தாலும் மாடு நல்லாத்தான் பேசுது” என்றார்.

அதன் காதை மடக்கி, ஆமணக்கங்கொட்டை போல உப்பியிருந்த ஓர் உண்ணியைப் பிடுங்கி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்.

“இந்தா, ஆளு இவன்தான். ரத்தத்தைக் குடிக்கிறப்பவே காய்ச்சலையும் உள்ள விட்டுட்டான். இந்த மாடு எந்த ஊருப் பக்கம்?”

“செவலை, கடலோரத்து மணல் ஊருன்னு சொல்லு” என்றேன்.

“அதான பாத்தேன். இந்த ஊரு மாட்டையெல்லாம் கன்னுக்குட்டியிலேயே இவன் கடிச்சிருப்பான், அதுகளுக்குப் பழகிப்போச்சு. இது உண்ணியே பாக்காம வளந்த உடம்பு. வந்த இடம் ஒத்துக்கிறதுக்குள்ள விழுந்துருச்சு.”

அவர் செவலையைத்தான் சொன்னார். வைக்கோல் போருக்குப் பின்னால் எனக்குத்தான் கண் கலங்கியது.

பிறகு நீல மசி போன்ற ஒரு மருந்தைக் கழுத்து நரம்பில் ஊசியால் ஏற்றினார். வாயும் கண்ணோரமும் நீலம் பாயும், பாலும் நீலமாக வரும், பயப்படக் கூடாது, நிறம் போகும்வரை அந்தப் பாலை யாரும் குடிக்கவும் கூடாது என்றார்.

“ஊசி மட்டும் போதாதுங்க. உண்ணியை ஒழிக்கணும். கொட்டில் செவுத்து வெடிப்பெல்லாம் பூசுங்க, பழைய வைக்கலக் கொளுத்துங்க, பிடுங்குன உண்ணியை நெருப்புல போடுங்க. இங்க வர்ற மாடு அத்தனைக்கும் பொகையிலத் தண்ணி ஊத்தித் தேய்ங்க. இல்லாட்டி மறுபடி படுத்துரும். அப்ப என்னைக் கூப்பிட வேணாம், குழி வெட்டுற ஆளைக் கூப்பிடுங்க.”

அந்த நேரம் பார்த்துக் கோயில் காளை உள்ளே வந்தது. ஐயனாருக்கு நேர்ந்து விட்ட காளை. மூக்கில் கயிறு கிடையாது. எந்த வயலிலும் மேயும், எவரும் விரட்ட மாட்டார்கள். பகலெல்லாம் ஊரைச் சுற்றிவிட்டுச் செவலையின் பக்கத்தில்தான் வந்து படுக்கும். நாங்கள் எல்லோரும் கும்பிட்டோம். டாக்டர் மட்டும் அதன் காதைப் பார்த்தார். காது முழுக்க உண்ணி, தோடு தோடாகத் தொங்கியது.

“தினமும் வருதா? அப்ப மொதல்ல இதுக்கு ஊத்துங்க” என்று சொல்லிவிட்டுத் தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

மாமாதான் ஊர் அம்பலம், ஊர்த் தலைவர். திருநீறானாலும் தீர்த்தமானாலும் ஊரில் முதல் கை அவருடையதுதான். அப்படிப்பட்டவரே பூசாரியிடம் தயங்கித் தயங்கித்தான் கேட்டார்.

“சாமி காளை மேல மருந்தா?” என்று பூசாரி காதைப் பொத்திக்கொண்டார். “அம்பலமே, நீங்களே இப்புடிக் கேக்கலாமா?”

“காளையை யாருப்பா என்ன செஞ்சா? அது மேல இருக்க உண்ணியைத்தானே சொல்றேன்.”

“அது மேல இருக்கிற வரைக்கும் உண்ணியும் சாமிக்குச் சொந்தந்தான்.”

“அப்ப சாமியவே வந்து பொறுக்கச் சொல்லு” என்று கோபமாகத் திரும்பி வந்தார் மாமா.

நான் கொட்டில் சுவரைப் பூசினேன், பழைய வைக்கோலைக் கொளுத்தினேன். செவலையின் காதிலும் மடியிலும் உண்ணி பிடுங்கி நெருப்பில் போட்டேன். பொரி போலப் பட்பட்டென்று வெடித்தது. காலையில் பிடுங்கி முடித்தால், சாயங்காலம் சாமி காளை புதிதாகக் கொண்டுவந்து இறக்கியது. செவலை எழுந்திருக்கவில்லை. வாயெல்லாம் நீலம். நாவற்பழம் தின்றதா என்று கேட்டுக்கொண்டு தெருப் பெண்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஒரு நாள் சாயங்காலம் மாமா கொட்டில் வாசலில் வந்து நின்றபோது, நான் அதன் நெற்றியைத் தடவியபடி, கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்: “செவலை, மருந்து ஊத்துனாத்தானே தப்பு? அபிஷேகம் பண்ணுனா யாரு என்ன சொல்லப் போறா?”

மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, “செவலை, ஒனக்கு இம்புட்டு மூளை இருக்குன்னு எனக்குத் தெரியாமப் போச்சேடி” என்றார்.

அபிஷேகம் என்றதும் பூசாரியால் மறுக்க முடியவில்லை. மாமா தான் போடுகிற புகையிலையை எடுத்துக் கொடுத்தார். கொடுக்கும்போது முகம் வாடித்தான் போனது. அண்டா நிறையக் காய்ச்சினேன். தெரு முழுக்கத் தும்மியது. பூசாரி அதில் மஞ்சளைக் கரைத்து வேப்பிலையைப் போட்டார். பார்ப்பதற்கு அசல் மஞ்சள் நீர்தான்.

காளை செவலையை விட்டு நகராது என்பதால் அபிஷேகம் எங்கள் கொட்டிலிலேயே நடந்தது. மேளம் கொட்டியது. பூசாரி குடம் குடமாக ஊற்ற, ஊரார் தேங்காய் நாரை வைத்துப் பக்தியோடு தேய்த்தார்கள். காளை கண்ணை மூடிக்கொண்டு சுகமாக நின்றது. உண்ணிகள் பொலபொலவென்று உதிர, தெருக்கோழி எல்லாம் ஓடிவந்து கொத்தித் தின்றன. கோழிகளுக்கு அது நல்ல திருவிழா.

எல்லாம் முடிந்தது என்று நான் நினைத்தபோதுதான் வினை வந்தது. வருஷக்கணக்கான பழக்கம். அபிஷேகம் முடிந்தால் பூசாரியின் கை தானாகச் செம்பில் மிச்ச நீரை மொள்ளும். மாமாவின் கை தானாகக் குழியும். பூசாரி தாம் ஒரு மடக்குக் குடித்துவிட்டு மாமாவின் கையில் வார்த்தார். பின்னால் ஊரே கை நீட்டி நின்றது. கைப்பிள்ளைக்காரி ஒருத்தி, பிள்ளைக்கும் சேர்த்து நீட்டினாள்.

“செவலை, குடிக்க வேணாம்னு சொல்லு” என்றேன். மேளச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தரம் சொன்னேன். மாமாவின் கை வாய்க்குப் போய்விட்டது.

“மாமா! துப்புங்க! எல்லாரும் கைய ஒதறுங்க, அது பொகையிலத் தண்ணி!”

என் தொண்டையில் அப்படி ஒரு சத்தம் இருந்தது அன்றுதான் எனக்கே தெரியும். மேளம் நின்றது. ஊர் மொத்தமும் கையை உதறியது. மாமா வாயில் இருந்ததை இங்கிட்டும் அங்கிட்டும் ஒதுக்கிப் பார்த்துவிட்டு, நிதானமாகச் சுவரோரம் துப்பினார். “காரம் பத்தல” என்றார்.

வெற்றிலைப் பழக்கம்கூட இல்லாத பூசாரிக்குத்தான் தலை சுற்றியது. வேப்பமரத்தைக் கட்டிக்கொண்டு ஆடினார். அருள் வந்துவிட்டது என்று நினைத்து ஒருத்தி ஓடிப்போய், “சாமி, எம் மகனுக்கு எப்ப கல்யாணம் கூடி வரும்?” என்று கேட்டாள். அவர் ஓவென்று வாந்திதான் எடுத்தார். மறுநாள் தெளிந்து எழுந்தார்.

இத்தனை கலவரத்துக்கு நடுவில் யாரோ, “அந்தா பாருங்க!” என்றார்கள். செவலை நான்கு காலில் நின்றுகொண்டிருந்தது. நான் போட்ட சத்தத்தில் பயந்து எழுந்தது என்று ஊரில் சொன்னார்கள். ஊசி வேலை செய்தது என்று டாக்டர் பின்னால் சொன்னார். எனக்கு இரண்டும் சம்மதம்.

அதற்குப் பிறகு மழைக்காலம் பிறந்தால் காளைக்கு அந்த அபிஷேகம் உண்டு. தீர்த்தம் மட்டும் கிடையாது. செவலை மறுபடி படுக்கவே இல்லை.

அது எழுந்த மறுநாள் காலையில் பால் கறந்தேன். வெளுத்த நீலத்தில் வந்தது. அந்தப் பாலைக் குடிக்க வேண்டாம் என்று சொல்வதற்காக, மாமா நிற்பதைப் பார்த்து வழக்கம்போல, “செவலை...” என்று ஆரம்பித்தேன்.

“அதுக்கிட்ட எதுக்குத்தா சொல்ற? அதுவே இப்பத்தான் பொழச்சு எந்திரிச்சிருக்கு. நேத்து ஊரே கேக்கப் பேசிட்ட, இனிமே எங்கிட்டயே சொல்லு” என்றார் மாமா, முதல் தடவையாக என் பக்கம் பார்த்து.

எனக்கு வெட்கத்தில் காது வரை சுட்டது. நான் பால் செம்பைக் கீழே வைத்துவிட்டு மாட்டின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“செவலை, சரிங்க மாமான்னு சொல்லு.”